எழுத்து தெரியும், வாசிப்புதான் ஓடவில்லை: மதுரையில் பெரியவர்களுக்குத் தமிழ் வாசிக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு

ஆறு மாதம் சொல்லிக் கொடுத்து, எழுத்தெல்லாம் முடிந்தது, இனி நீங்களே படித்துக்கொள்ளலாம் என்று நான் அனுப்பி வைத்த ஒடிசாக்காரத் தம்பி ஒருவர், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். "பஸ் போயிருச்சு சார்" என்றார். பெரியார் நிலையத்தில் நின்றிருக்கிறார். வந்த வண்டியின் நெற்றியில் திருப்பரங்குன்றம் என்று இருந்திருக்கிறது. தி, ரு, ப், ப என்று கூட்டிக்கொண்டே போய் 'குன்' என்ற இடத்துக்கு வரும்போது வண்டி நகர்ந்துவிட்டது. ஓர் எழுத்தைக்கூட அவர் தப்பாகப் படிக்கவில்லை. வேகம்தான் இல்லை.

நான் சொல்லிக் கொடுத்தது எழுத்து. அவருக்கு வேண்டியிருந்தது வாசிப்பு. இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. பரோட்டாக் கடையிலும் கட்டட வேலையிலும் டைல்ஸ் ஒட்டும் வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். அவர்கள் மட்டும் என்றில்லை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் தமிழ் என்பது மதுரைக்குப் பழக்கமான விஷயம்தான். சௌராஷ்டிராவும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அந்த வீடுகளில் பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டிகளும் இருக்கிறார்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்?

முதல் நாள் நோட்டைத் திறக்காதீர்கள். பேசுங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அவருக்குத் தன் மொழியில் வாசிக்கத் தெரியுமா? இரண்டு, தமிழ் எவ்வளவு பேசுகிறார்?

முதலாவதை நேராகக் கேட்டால் பலர் "தெரியும்" என்றுதான் சொல்வார்கள். படிக்கத் தெரியாது என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் போனில் ஓர் இந்திச் செய்தியையோ ஒடியாச் செய்தியையோ எடுத்துக் கொடுத்து, "இதில் என்ன போட்டிருக்கிறது, எனக்கு இந்தி தெரியாது, சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். கண் சரசரவென்று ஓடினால் அவர் வாசிப்பவர். அவருக்குத் தமிழில் வேண்டியது புது எழுத்தும், அந்த எழுத்தில் வேகமும் மட்டும்தான். வரிசையாக வாசிப்பது, எழுத்து என்பது ஒலி, வரிக்குள் பொருள் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. போனை வாங்கிப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒலிப்பதிவு எதுவும் இருக்கிறதா என்று தேடினால் அவர் எந்த மொழியிலும் வாசித்துப் பழகாதவர். அவருக்கு நீங்கள் போட்டு வைத்திருக்கும் கால அளவை இரண்டு மடங்காக்கிக் கொள்ளுங்கள். இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் பத்தே நாளில் முன்னால் போவார். மற்றவர் பதினோராம் நாள் வரமாட்டார்.

எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022-இலிருந்து ஒன்று நடக்கிறது. தன்னார்வலர்களை வைத்தே நடத்துகிறார்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி உங்கள் ஆளை அனுப்பிவிட வேண்டாம். உங்களிடம் வருவதற்கே அவர் எத்தனை நாள் யோசித்திருப்பாரோ.

இன்னொன்று. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தெருவில் நாம் கூப்பிடும் மற்ற பெயர்கள் எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே புரிகின்றன.

கண்ணாடி இருக்கிறதா?

நாற்பதைத் தாண்டியவருக்கு வாசிப்பு வரவில்லை என்றால் முதலில் கண்ணைச் சந்தேகப்படுங்கள். வெள்ளெழுத்து என்று நம் ஊரில் அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தில் இருக்கும் எழுத்து வெளிறித் தெரிவது. படித்தவர்களுக்குச் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும்போதே புரிந்துவிடும். வாசித்தே பழகாதவருக்குத் தன் கண்ணில் குறை என்று தெரியாது, தன் மூளையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். நான் சொல்லிக் கொடுத்த சௌராஷ்டிராப் பாட்டி ஒருவர் மூன்று மாதம் 'எனக்கு மண்டையில் ஏறாதுப்பா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட அன்று ண-வுக்கு எத்தனை சுழி என்று அவரே எண்ணிச் சொன்னார். அதுவரைக்கும் அவருக்கு அது ஒரு கறுப்புப் புள்ளி.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. கண் பரிசோதனைக்கு அலைய வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

எழுத்தின் அளவும் முக்கியம். நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் கட்டை விரல் நகம் அளவுக்கு எழுத்து இருக்கட்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விடுங்கள். நெருக்கி எழுதினால் பழகாத கண்ணுக்கு எது எங்கே முடிகிறது என்று தெரியாது.

22 எழுத்து, 20 வீதி

அ, ஆ, இ, ஈ என்று ஆரம்பித்து 247-ஐயும் வரிசையாக முடிப்பது குழந்தைக்கான வழி. குழந்தைக்கு நேரம் இருக்கிறது. மூன்று மணிக்கு மாவு பிசையப் போக வேண்டியவருக்கு ஙூ எதற்கு? ஙௌ எந்தச் சொல்லில் வருகிறது? ங வரிசையில் அன்றாடம் கண்ணில் படுவது ங் ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடந்து போகலாம்.

அவர் பெயரிலிருந்து தொடங்குங்கள். இதில் ஒரு வேடிக்கை. சுபாஷ், ஜிதேந்தர், சந்தோஷ் என்று எழுத ஷ-வும் ஜ-வும் வேண்டும். பாடப் புத்தகம் அவற்றைக் கடைசியில் வைத்திருக்கும். நமக்கு முதல் நாளே வந்துவிடும், பரவாயில்லை. மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கீழடியில் கிடைத்த பானை ஓட்டில்கூட யாரோ தன் பெயரை, ஆதன் என்று கீறித்தான் வைத்திருக்கிறார்கள். பெயரை எழுதிப் பார்க்கும் ஆசை அவ்வளவு பழசு.

பெயருக்கு அடுத்து நான் எடுப்பது வீதிகள். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாக ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று ஐந்து சுற்று. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். மொத்தம் 20 பெயர். இந்த 20 பெயரையும் எழுத எத்தனை எழுத்து தேவை என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். 22. அவ்வளவுதான். சொல்லாகப் பார்த்தால் 11.

இது ஏன் நல்ல பாடம் என்றால், அந்த 11 சொல்லும் இடம் மாறி மாறித் திரும்பி வருகின்றன. 'வீதி' இருபது முறை வருகிறது. ஆறாவது முறைக்கு மேல் யாரும் அதை வீ, தி என்று கூட்டுவதில்லை, பார்த்ததும் சொல்லிவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டுவதிலிருந்து வாசிப்புக்குத் தாவும் இடம் அதுதான். அது தனக்குள் நடப்பதை முதல் வாரத்திலேயே ஒருவர் உணர்ந்துவிட்டால் அடுத்த ஆறு மாதத்துக்கும் அந்தத் தெம்பு போதும். சில அட்டைகளில் திசை, வேறு சில அட்டைகளில் சுற்றின் பெயர் என்று எழுதி மாற்றி மாற்றிச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நேரில் நடந்து போய்ப் பலகைகளைப் பாருங்கள். ஆடி வீதி கோவிலுக்குள் இருக்கிறது, மற்றவை வெளியே. போகிற வழியில், கீழ மாசி வீதி தரைக்கு அடியில் இருக்கிறதா என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். மேற்கே மலை, கிழக்கே கடல், நிலம் அப்படிச் சரிந்து கிடப்பதால் மேற்கு மேலே, கிழக்கு கீழே என்று வைகை ஓடும் திசையைக் காட்டிச் சொன்னால் மறக்கவே மாட்டார்.

இந்த 22 எழுத்துக்குள்ளேயே தமிழின் தொல்லைகள் பலவும் அடங்கியிருக்கின்றன. ல, ள, ழ மூன்றும் வந்துவிட்டன. 'மேல' என்பதில் இரட்டைக் கொம்பு, 'தெற்கு', 'வெளி' இரண்டிலும் ஒற்றைக் கொம்பு. இந்தியிலும் ஒடியாவிலும் எகரக் குறில், ஒகரக் குறில் கிடையாது. அதனால் பெட்டியும் பேட்டியும், கொடுவும் கோடுவும் அவர்களுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தெலுங்கோ கன்னடமோ பேசுபவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். இந்தியில் இகரக் குறி முன்னால்தான் நிற்கிறது, ஒடியாவில் ஒகரம் இரண்டு பக்கமும் நிற்கிறது. அவர்களுக்கு அது பழகியது.

தடுமாறும் இடம் க, ச, ட, த, ப. இந்தி வாசிப்பவருக்குக் க வரிசையில் நான்கு ஒலிக்கு நான்கு எழுத்து. நாம் ஒன்றை வைத்துக்கொண்டு சமாளிக்கிறோம் என்றால் ஏமாற்றுவேலை போலத் தோன்றும். விளக்கத்துக்கும் வீதிப் பெயரே போதும். 'தெற்கு' என்பதில் த சொல்லுக்கு முதலில் நிற்கிறது, அழுத்தி ஒலிக்கிறோம். 'சித்திரை'யில் இரட்டித்திருக்கிறது, அங்கேயும் அழுத்தம். 'வீதி'யில் தனியாக நடுவில் மாட்டிக்கொண்டது, மெலிந்துவிட்டது. ங், ஞ், ண், ந், ம் இவற்றுக்குப் பின்னால் வந்தாலும் மெலியும். இந்த விதி தமிழ்ச் சொற்களுக்குப் பெரும்பாலும் சரியாக வரும். பஸ், பேங்க் என்று வந்ததும் விதி படுத்துவிடும். ஆனால் அந்தச் சொற்களை அவர்கள் நமக்கு முன்பே வாயால் அறிந்தவர்கள். பாதி வாசித்ததும் மீதியை வாய் சொல்லிவிடும்.

ழகரத்துக்காக ஒருவரை நிறுத்தி வைக்காதீர்கள். மதுரையில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் வாழைப்பழத்தை ஒழுங்காகச் சொல்கிறோம்? எழுத்தைப் பார்த்ததும் எந்தச் சொல் என்று பிடித்துவிட்டால் சரி. ஒலியைப் பிறகு பார்க்கலாம்.

ஒரே பக்கம், திரும்பத் திரும்ப

வீதி முடிந்தது. இனி வரி. இங்கேதான் என்னைப் போன்றவர்கள் தவறு செய்தோம். தினம் ஒரு புதுப் பாடம் நடத்தினோம். ஒவ்வொரு நாளும் புதுச் சொல், புது வரி, ஒவ்வொரு நாளும் ஆரம்பத்திலிருந்து எழுத்துக் கூட்டல். எதுவும் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

மனத்துக்கு ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் கவனம் இருக்கிறது. அது முழுக்க எழுத்தை அடையாளம் காண்பதில் செலவாகிவிட்டால் பொருளுக்கு மிச்சம் இருக்காது. வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்து போயிருக்கும். 1974-இல் லபெர்ஜ், சாமுவேல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைத்தான் விளக்கினார்கள்: சொல்லை அடையாளம் காண்பது தானாக நடக்க வேண்டும், அப்போதுதான் கவனம் பொருளுக்குப் போகும். 1979-இல் சாமுவேல்ஸ் அதற்கு ஒரு வழியையும் சொன்னார். சின்னப் பகுதி ஒன்றைப் போதுமான வேகம் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசிப்பது. அவர் சொன்னது குழந்தைகளுக்கு. பெரியவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை. வயது வந்தபின் புது எழுத்து கற்பவர்கள் எழுத்தெழுத்தாகவே தங்கிவிடுவதைப் பற்றி, உலக வங்கியில் கல்வி நிபுணராக இருந்த ஹெலன் அபாட்ஸி நிறைய எழுதியிருக்கிறார். குழந்தையாக இருக்கும்போதே கற்றுக்கொண்ட நமக்கு அந்தச் சிரமம் நினைவில் இல்லை.

சரி, எந்தப் பகுதியை வாசிப்பது? அவர் சொல்வதையே. "நேத்து என்ன வேலை, சொல்லுங்க" என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே எழுதுங்கள். பரோட்டாக் கடைத் தம்பி ஒருவர் சொன்னது என் நோட்டில் இப்படி இருக்கிறது:

"நான் மூணு மணிக்கு மாவு பிசைவேன். பத்து கிலோ மைதா. உப்பு, எண்ணெய், தண்ணி ஊத்துவேன். ஈரத் துணி போட்டு மூடி வைப்பேன். ஆறு மணிக்கு மாஸ்டர் வருவாரு. அவரு வீசுவாரு, நான் உருட்டித் தருவேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் கடை இருக்கும். அப்புறம் பாத்திரம் கழுவிட்டுத் தூங்கப் போவேன்."

37 சொல். இதற்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அவர் சொன்னதுதானே. தெரியாத சொல் ஒன்றும் இல்லை. குழந்தைப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் வரும் கூச்சமும் இல்லை. மாவு பிசைகிற ஆளிடம் போய் அணிலைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் வாசிக்கச் சொல்வது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும்.

வாசிக்கும் முறை இது. முதலில் நீங்கள் வாசியுங்கள், அவர் விரலை வைத்துக்கொண்டு பின்தொடரட்டும். ரொம்ப மெதுவாக வேண்டாம், பேசுகிற மாதிரி வாசியுங்கள். இரண்டாவது முறை இருவரும் சேர்ந்து. குரல் உங்களுடையது முன்னால் போக, அவர் தொற்றிக்கொண்டு வருவார். மூன்றாவது, நான்காவது முறை அவர் மட்டும், வாய்விட்டு. அன்றைக்கு அவ்வளவு போதும். மறுநாள் வேறு எதையும் எடுக்காமல் அதே தாள். மூன்றாம் நாளும் அதே தாள். சலிக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவருக்குத்தான் சலிக்கும். முந்தாநாள் முக்கி முக்கி வாசித்ததை இன்றைக்கு ஒரே மூச்சில் வாசிப்பவருக்குச் சலிப்பதில்லை.

போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் உதவும். முதல் முறை அவர் தனியாக வாசிக்கும்போது எவ்வளவு நேரம், தடுக்கிய சொல் எத்தனை என்று தாளின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள். இந்தத் தாளில் முதல் நாள் 2 நிமிடம் 20 விநாடி, நான்காம் நாள் 41 விநாடி. எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எத்தனை பாராட்டிப் பேசியும் வரவழைத்திருக்க முடியாது. ஆனால் ஒருவரின் நேரத்தை இன்னொருவருடையதோடு ஒப்பிடாதீர்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று போட்டிருக்கும் பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். 'போய்க்கொண்டிருக்கிறார்களாம்' என்பது நமக்கு ஒரு சொல். அதே தாளில் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பார்த்தால் போதும்.

இருவர் மூவராக இருந்தால் ஜோடியாக வாசிக்கவிடுங்கள். எல்லோர் முன்னாலும் ஒருவரை எழுப்பி வாசிக்கச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். பள்ளிக்கூடத்தை அவர்கள் விட்டு வந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். தாளை நீங்கள் வாசித்து அவர் போனில் ஒலிப்பதிவாக அனுப்பிவிட்டால், வேலை முடிந்து படுக்கையில் கேட்டுக்கொண்டே விரலை ஓட்டலாம். தினம் பத்து நிமிடம் இப்படிச் செய்பவர், வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்காருபவரைவிடச் சீக்கிரம் வருகிறார் என்பது என் அனுபவம்.

வேகம் என்றால் கடகடவென்று ஒப்பிப்பது இல்லை. நான்காம் நாள் சிலர் தாளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். மனப்பாடமா வாசிப்பா என்று சோதிக்க, நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். அல்லது வரிகளை வெட்டி இடம் மாற்றி வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துவது என்பதையும் கவனியுங்கள். 'ஈரத் துணி போட்டு / மூடி வைப்பேன்' என்று பொருளுக்குத் தகுந்தபடி நிறுத்தினால் புரிந்து வாசிக்கிறார். 'ஈரத் / துணி / போட்டு மூடி / வைப்பேன்' என்றால் இன்னும் எழுத்துக்குள்தான் இருக்கிறார். பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள்; இரண்டு தாளுக்குப் பிறகு கோடு தேவைப்படாது.

'வருவாரு' எப்போது 'வருவார்' ஆகும்?

காதால் தமிழ் கற்றவருக்குத் தெரிந்தது மதுரைத் தமிழ். வந்துருச்சு, எங்கிட்டுப் போறீங்க, எந்திரிச்சேன். எழுதியிருப்பதோ வந்துவிட்டது, எங்கே போகிறீர்கள், எழுந்தேன். தமிழ்க் குழந்தைக்கே இது ஒரு தாண்டல். இவர்களுக்கு ஒருவகையில் மூன்றாவது மொழி.

அதனால் முதல் பத்துத் தாள் பேச்சாகவே இருக்கட்டும். கொச்சையாக எழுதிக் கொடுக்கலாமா என்று தமிழாசிரிய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். அதற்குப் பின் அதே தாள்களை இரண்டாவது முறை எழுதுங்கள், இப்போது எழுத்துத் தமிழில். மூணு, மூன்று. தண்ணி, தண்ணீர். ஊத்துவேன், ஊற்றுவேன். வருவாரு, வருவார். ராத்திரி, இரவு. கழுவிட்டு, கழுவிவிட்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், எது எதுவாக மாறுகிறது என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்படியே சொல்லின் வால் பகுதியைக் கவனிக்க வையுங்கள். மேலே இருக்கும் அந்த 37 சொல்லில் மட்டும் பிசைவேன், ஊத்துவேன், வைப்பேன், தருவேன், போவேன் என்று ஐந்து முறை 'ஏன்' என்று முடிகிறது. அந்த வாலை ஒரே துண்டாகப் பார்க்கப் பழகினால் நீளமான சொல் பாதியாகக் குறைந்துவிடும். க்கு, இல், இலிருந்து, உடன், கிறார்கள், விட்டது, கொண்டு: இவ்வளவும் தெரிந்தால் பெரும்பாலான நீளச் சொற்கள் உடையும். இந்தியிலும் ஒடியாவிலும் வினை கடைசியில்தான் வருகிறது, 'க்கு', 'இல்' போன்றவை பெயருக்குப் பின்னால்தான் வருகின்றன. அதனால் வாலின் வேலை என்ன என்று அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இந்தி வாசிப்பவருக்கு, நாம் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம் என்பது ஒன்றுதான் புதிது. வாலைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள், ஒரு வாரம் போதும்.

திருத்துவதில் கை அடக்கம் வேண்டும். வாசிக்கும்போது ஒவ்வொரு தவறுக்கும் குறுக்கிட்டால் அவர் ஓட்டமே அறுந்துவிடும். பொருள் கெடாத தவறை விட்டுவிடுங்கள். 'தண்ணீர்' என்று எழுதியிருப்பதைத் 'தண்ணி' என்று வாசித்தால் அது தவறே இல்லை, புரிந்து வாசிக்கிறார் என்பதற்கு அத்தாட்சி. பொருள் கெட்டால்கூட வரி முடியும்வரை காத்திருங்கள். பாதிப் பேர் தாமே திரும்பி வந்து திருத்திக்கொள்வார்கள். மூன்று விநாடிக்கு மேல் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். 'கூட்டிப் பாருங்க, கூட்டிப் பாருங்க' என்று நச்சரிக்க வேண்டாம்.

உதடு அசைவதையும் தடுக்காதீர்கள். அமைதியாக வாசிப்பது தானாக வரும்.

நேரம், ஊர் விடுப்பு, பாட்டு

ஹோட்டல்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு நடுவில்தான் மூச்சு விட நேரம். கட்டட வேலைக்காரர்களுக்குக் குளித்து, சமைத்து முடித்து ராத்திரி எட்டு ஆகிவிடும். உங்கள் வசதிக்கு நேரம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் வகுப்பு என்று அறிவித்து நான் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

தீபாவளியை ஒட்டியோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போனால் ஒரு மாதம் ஆகும். திரும்பி வரும்போது பாதி மறந்திருக்கும், அது இயல்பு. போகும்போது வாசித்து முடித்த பழைய தாள்களைக் கட்டிக் கொடுங்கள், புதியது வேண்டாம். வந்ததும் அவற்றிலிருந்தே தொடங்குங்கள். இரண்டு நாளில் பழைய வேகம் வந்துவிடும்.

வகுப்பு இல்லாத நாளுக்குப் பாட்டு நல்ல துணை. திரையில் பாட்டு வரி ஓடும் காணொளிகள் போனில் ஏராளம். தொலைக்காட்சிப் பாட்டுக்கு அதே மொழியிலேயே கீழே வரி போட்டால் பார்ப்பவர்களின் வாசிப்பு வளரும் என்று பிரிஜ் கோத்தாரி என்பவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்தபடி 1990-களிலேயே முயன்று பார்த்தார். பாட்டு நமக்காக நிற்காது, கண் ஓடித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கு ஏற்கெனவே வாயில் வரும் தமிழ்ப் பாட்டாக எடுங்கள். பேருந்தில் எழுதியிருக்கும் குறளைக் காட்டி வாசிக்கச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. அது ஒரு வருடம் கழித்து.

கடைசிப் பாடம் சுவரில்

புத்தகம் வாங்குவதற்கு முன் தெருவில் ஒரு நடை போங்கள். மதுரையில் போஸ்டருக்குப் பஞ்சமா? காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள், தலைவருக்கு வரவேற்பு. எழுத்து ஆள் உயரத்துக்கு இருக்கும். சொல் கொஞ்சம். எல்லாப் போஸ்டரிலும் ஒரே வாசகம். நாம் முகம் சுளிக்கும் அந்த அலுப்பூட்டும் திரும்பல்தான் வாசிப்புப் பழகுபவருக்கு வேண்டியது. 'அனைவரும் வருக' என்பதை ஒரு தெருவில் ஏழு இடத்தில் வாசித்துவிடலாம். மெதுவாக நடந்துகொண்டே வாசித்துப் பழகி, பின்பு இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டி கடப்பதற்குள் வாசிக்க வேண்டும். பேருந்தின் நெற்றியில் இருப்பதைப் படிக்க இதைவிடப் பயிற்சி கிடையாது.

திருப்பரங்குன்றம் பேருந்தை விட்ட அந்தத் தம்பியை இரண்டாம் சுற்றில் இப்படித்தான் அழைத்துப் போனேன், தெற்கு வாசல் பக்கம். ஒரு போஸ்டரில் 'வாழ்த்த வயதில்லை' என்று மேல்வரியை வாசித்தார். கீழ்வரிக்குக் கண் போவதற்குள்ளேயே "வணங்குகிறோம்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் குனிந்து பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். இரண்டு கடை தள்ளி அதே வாசகம், அதே அச்சகம், வேறொருவர் படம். அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சார், இவருக்கு என்னைவிட வயசு கம்மி மாதிரி இருக்கே?"

மறுநாள் அதையே தாளில் எழுதி வாசித்தோம்.